வண்டியைத் தாங்கும் காற்று

சக்கரத்திற்குத் தமிழில் பெயர்கள் பல. ஆழி, திகிரி, நேமி, உருள் என்பன இலக்கியத்தில் வழங்குவன. தச்சர் வழக்கிலோ சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் தனித்தனிப் பெயர் உண்டு. நடுவில் அச்சு நுழையும் பகுதி குடம்; அதிலிருந்து கதிர்போல் விரியும் கட்டைகள் ஆரக்கால்கள்; அவற்றின் முனைகளைப் பிணைத்து நிற்கும் வளைமரம் வட்டை. அவ்வட்டையைச் சுற்றிக் கொல்லன் இரும்புப் பட்டை ஒன்றைப் பழுக்கக் காய்ச்சி இறுக்குவான். சூடு ஆற ஆறப் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். வடமதுரைப் பக்கத்துக் கட்டை வண்டிகள் நெடுங்காலம் இத்தகைய சக்கரங்களின்மீதே ஓடின. அவ்வண்டியில் ஏறி ஒரு காதம் சென்றவர், பட்டையின் உறுதியையும் தம் முதுகெலும்பின் உறுதியையும் ஒருங்கே அறிந்திருப்பர்.

இரும்புப் பட்டை மரத்தைக் காக்கும். வண்டியில் இருப்பவனைக் காவாது. கல்லின்மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் வண்டி முழுவதும் எழுந்து விழும். மிதிவண்டி தோன்றிய காலத்தில் அதன் நிலையும் இதுவே. மரச்சக்கரத்தில் இரும்புப் பட்டை பூட்டிய அந்நாளைய மிதிவண்டியை இங்கிலாந்து நாட்டார் 'எலும்புலுக்கி' என்றே அழைத்தனர். அவ்வுலுக்கலைப் போக்கிய பொருள்கள் இரண்டு. ஒன்று ரப்பர், மற்றொன்று காற்று.

ரப்பர் மரம் பிரேசில் நாட்டிற்கு உரியது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அதன் விதைகளை இலண்டனுக்குக் கொணர்ந்தார். அங்குள்ள கியூ தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றன. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையடிவாரங்களிலும் அம்மரம் பால் சொரிந்து நிற்கின்றது. மரத்திலிருந்து எடுத்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறை நீங்கும் என்பதனை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார்.

காற்றைச் சக்கரத்தில் அடைக்கும் எண்ணம் இருமுறை பிறந்தது. 1845ஆம் ஆண்டிலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அந்நாளில் மிதிவண்டி பரவவில்லை. உலகம் அவர் கண்டதை மறந்துவிட்டது. 42 ஆண்டுகளுக்குப் பின், பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராய் இருந்த ஜான் பாய்ட் டன்லப் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்கு ரப்பர்க் குழாயைச் சுற்றிக் காற்றை அடைத்துப் பார்த்தார். மறு ஆண்டு, 1888இல், காப்புரிமையும் பெற்றார். தாம்சன் முன்னரே பெற்றிருந்த செய்தி பின்னர் வெளிப்பட்டமையால் டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. ஆயினும் பெயர் என்னவோ டன்லப்பிற்கே நின்றுவிட்டது.

இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். மிதிவண்டியையும் அதன்மேல் இருப்பவனையும் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றே. டியூப் அக்காற்று வெளியேறாதபடி காக்கும் பை. டயர் அப்பை பருத்து வெடிக்காதபடி இறுக்கிப் பிடிக்கும் கூடு. தரையோடு உராய்ந்து தேய்வதும் அதுவே. டயரைப் 'புறவட்டை' என்றும் டியூபைத் 'தூம்பு' என்றும் தமிழாக்கலாம். ஆனால் கடைக்குச் சென்று தூம்பு கேட்பவன் வெறுங்கையோடு திரும்புவான். ஆதலின் டயர், டியூப் என்றே வழங்குவோம். காற்று, பை, கூடு ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று பொருந்தியிருத்தல் வேண்டும். புதியன வாங்கப் புகுவோர் பெரும்பாலோர் கூட்டின் தோற்றத்தை மட்டுமே பார்க்கின்றனர்.

ஒரு கணக்கினால் இதனை விளக்குவோம். 45 கிலோகிராம் எடையுள்ள மாணவன் ஒருவன். அவன் வண்டி 18 கிலோ. புத்தகப் பை 7 கிலோ. ஆக 70 கிலோ. இதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 42 கிலோ, பின்சக்கரத்தின்மேல் விழும். அச்சக்கரத்துக் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோவாக இருப்பின், தரையைத் தொடும் டயரின் பரப்பு 14 சதுர சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் உள்ளங்கையில் நாலில் ஒரு பங்குகூட இராத அச்சிறு பரப்பு அத்தனை பளுவையும் சுமக்கின்றது. அழுத்தம் பாதியாகக் குறைந்தால் பரப்பு இருமடங்காகும். டயர் நசுங்கித் தரையில் அகன்று படியும். அவ்வண்டியை மிதிப்பது, குட்டையில் படுத்த எருமையை எழுப்பி ஓட்டுவது போன்றது.

வடமதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வருவோருள் மிதிவண்டியையே நம்பியிருப்போர் பலர். பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்குத் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகின்றது. வண்டி விலையின்றிக் கிடைக்கலாம். அதன் டயர் தேய்ந்தால் புதியதற்குப் பெற்றோரே பணம் தருதல் வேண்டும். நான் ஆசிரியப் பணி புரிந்த நாள்களில், காலை வழிபாடு முடிந்தபின் வாயிலில் வியர்த்து நிற்பவனைக் காரணம் கேட்டால், "பஞ்சர், ஐயா" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். நாள்தோறும் அவ்விடை வருமாயின் அது சாக்கு. பொதுத்தேர்வு நாளில் வருமாயின் அது பெருந்துன்பம். திண்டுக்கல்லுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், விரைந்தோடும் சரக்கு லாரிகளின் ஓரமாகச் செல்லும்போது முன்சக்கரத்து டயர் வெடிக்குமாயின், உயிருக்கே ஏதம் நேரும்.

அண்மைக் காலமாக இளைஞர் உள்ளத்தைக் கவர்ந்திருப்பது மலைமிதிவண்டி. தடித்த டயரும் நேர்க்கைப்பிடியும் கொண்ட இவ்வண்டியின் பிறப்பிடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துத் தமால்பையஸ் என்னும் மலை. 1970களில் அப்பகுதி இளைஞர் சிலர் கனத்த பழைய மிதிவண்டிகளைத் தேடிப்பிடித்து, மலைமேல் கொண்டுசென்று, மண்பாதை வழியே விரைந்து இறங்கி மகிழ்ந்தனர். அப்பழைய வண்டிகளை அவர்கள் விரும்பியதற்குக் காரணம் அவற்றின் தடித்த டயர். ஸ்வின் என்னும் நிறுவனம் 1933ஆம் ஆண்டில் இரண்டு அங்குலத்திற்கும் மேற்பட்ட பருமனுள்ள டயரை அந்நாட்டு மிதிவண்டிகளுக்குப் புகுத்தியிருந்தது. கல்லிலும் பள்ளத்திலும் தாக்குப்பிடித்தவை அவையே. 1976ஆம் ஆண்டில் அம்மலைச்சரிவில் ஒரு பந்தயமும் தொடங்கிற்று. இறங்கும் வேகத்தில் பின்சக்கரக் குடத்திலிருந்த பிரேக்கு கொதித்து, உள்ளே இட்ட மசகெல்லாம் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் பின் மசகை மீண்டும் அடைக்க வேண்டியிருந்தமையால், 'மறுபடி அடைத்தல்' எனப் பொருள்படும் சொல்லே அப்பந்தயத்திற்குப் பெயராயிற்று! மலைமிதிவண்டியை ஒரு டயரைச் சுற்றிப் பிறந்த வண்டி எனினும் பொருந்தும். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் முதலிய நம் நாட்டு நிறுவனங்களும் பின்னர் இவ்வகை வண்டிகளைச் செய்து விற்கலாயின.

இவ்வண்டிக்குப் புதிய டயர் வாங்குமுன் ஒருவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: நாள்தோறும் என் வண்டி எந்தத் தரையில் ஓடுகின்றது? மலைமிதிவண்டி டயரின் மேற்புறத்தில் முண்டு முண்டாக ரப்பர்க் கட்டிகள் துருத்தி நிற்கும். கடைக்காரர் அவற்றைப் 'பட்டன்' என்பர். இளகிய மண்ணிலும் சேற்றிலும் இம்முண்டுகள் மாட்டின் குளம்புபோல் அழுந்தி ஊன்றும், சக்கரம் வழுக்காது. தார்ச்சாலையிலோ அழுந்துவதற்கு மண் இல்லை. முண்டுகள் ஒவ்வொன்றாகத் தாரில் மோதி, வளைந்து, நிமிர்கின்றன. வண்டு முரல்வதுபோல் ஓர் ஒலி எழும். அவ்வொலி மிதிப்பவனின் உழைப்பு வீணாவதன் ஒலி.

தடித்த டயர் என்றாலே மிதிப்பதற்குப் பளுவாய் இருக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று. காற்று செவ்வையாக நிரம்பி, மேற்புறமும் வழவழப்பாய் இருப்பின், அகன்ற டயரும் நன்றாகவே உருளும். தடை செய்வன உயர்ந்த முண்டுகளும், கனத்த ரப்பரும், குறைந்த காற்றுமே. மழைநீரில் வழுக்காதிருக்கப் பள்ளமும் மேடுமான கோலங்கள் வேண்டும் என்பதும் மோட்டார் வண்டிக்கே பொருந்தும். மிதிவண்டி டயர் தரையைத் தொடும் இடம் மிகக் குறுகியது, வேகமும் குறைவு. ஆதலின் அது நீரைப் பிளந்துகொண்டு தரையைத் தொட்டுவிடும்.

தாமரைப்பாடியிலிருந்தோ அய்யலூரிலிருந்தோ தார்ச்சாலை வழியாகவே வந்து செல்பவனுக்கு முண்டு டயர் வேண்டுவதில்லை. எரியோட்டுப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளிலிருந்து செம்மண் வண்டிப்பாதையில் சிறிது தொலைவும், பின்னர்த் தாரில் நெடுந்தொலைவும் வருபவனுக்கு இடைப்பட்ட வகை ஒன்று உண்டு. அதன் நடுவில் இடையறாத மேடு ஒன்று ஓடும்; இருமருங்கிலும் சிறு முண்டுகள் இருக்கும். தாரில் நடுமேடு உருளும். மண்ணில் சக்கரம் புதையும்போது பக்கத்து முண்டுகள் பற்றும். 1.75 அல்லது 1.95 அங்குலப் பருமனில் இவ்வகை டயர் நம் பகுதிக்கு மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. ஓடை மணலைக் கடப்போர்க்கு மட்டும் இன்னும் அகன்றது நன்மை தரும்.

விடுமுறையில் சிறுமலைக்கு மிதிவண்டியில் ஏற விரும்புவோரும் உளர். அம்மலைப்பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலை என்றவுடன் உயர்ந்த முண்டுள்ள டயரே வேண்டும் எனக் கருதிவிடலாகாது. அப்பாதை தார் இட்டது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது உயர்ந்த முண்டுகள் வேருடன் ஆடும் பல்லைப்போல் நெளியும். தாரின்மேல் நன்கு படியும் ரப்பரே அங்குப் பிடிப்புத் தரும்.

அடுத்து, டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள எண்களைப் படித்தறிதல் வேண்டும். பணத்தை வீணாக்குவோர் பெரும்பாலும் இங்கேயே இடறுகின்றனர். '26 × 1.95' என்று இருப்பின், 26 அங்குலம் டயரின் குறுக்களவு, 1.95 அங்குலம் அதன் பருமன். இவ்வளவுதானே என்று கடைக்குச் சென்று, "26 டயர் ஒன்று தாருங்கள்" என்று கேட்பவன் ஏமாறக்கூடும். 26 என்பது டயரின் வெளிவட்டத்தைத் தோராயமாகக் குறிக்கும் எண். டயர் சென்று அமரும் ரிம்மின் வட்டத்தை அது சொல்வதில்லை. பெரிய ரிம்மில் ஒல்லியான டயரை மாட்டினாலும், சிறிய ரிம்மில் தடித்த டயரை மாட்டினாலும் வெளிவட்டம் 26 அங்குலமாக அமையலாம் அன்றோ? அவ்வாறே அமைந்துமுள்ளது. 26 × 1⅜ என்னும் ஒல்லி டயர் அமரும் வட்டத்தின் குறுக்களவு 590 மில்லிமீட்டர். மலைமிதிவண்டியின் 26 × 1.95 டயர் அமரும் வட்டம் 559 மில்லிமீட்டர். இரண்டிற்கும் 31 மில்லிமீட்டர் வேறுபாடு. சிறியது பெரிய ரிம்மில் ஏறாது. பெரியது சிறிய ரிம்மில் நில்லாது.

கணக்கு ஆசிரியரைத் திகைக்கச் செய்யும் செய்தி ஒன்றும் உண்டு. 1.75 என்பதும் 1¾ என்பதும் ஒரே மதிப்புடையன என்று நாம் கற்றிருக்கின்றோம். டயர் உலகில் அவை வேறு. 26 × 1.75 அமரும் வட்டம் 559 மில்லிமீட்டர். அமெரிக்காவில் வழங்கிய 26 × 1¾ அமரும் வட்டம் 571 மில்லிமீட்டர். இன்னொரு புதுமையும் கேளுங்கள். நம் தாத்தாமார் ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய மிதிவண்டியின் டயர் 28 × 1½. அதன் ரிம் வட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்து '29 அங்குல' மலைமிதிவண்டியின் ரிம் வட்டமோ 622 மில்லிமீட்டரே. இருபத்தொன்பதைவிட இருபத்தெட்டு பெரிதாகிவிட்டது!

இக்குழப்பத்தை ஒழிக்கவே பன்னாட்டுத் தர அமைப்பு வேறொரு குறியீட்டை வகுத்தது. '50-559' என்பது அதன் வடிவம். முன் எண் டயரின் பருமன், பின் எண் ரிம் வட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். மலைமிதிவண்டிகளில் 26 அங்குலத்திற்கு 559, 27.5 அங்குலத்திற்கு 584, 29 அங்குலத்திற்கு 622 எனப் பின் எண் வரும். பின் எண் ஒரு மில்லிமீட்டரும் மாறலாகாது. முன் எண் சிறிது கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் வண்டியின் கவையிலும் பிரேக்கிலும் டயர் உராயாதபடி இடம் இருத்தல் வேண்டும். பழைய டயரைத் துடைத்து, இவ்விரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்க.

டியூபிலும் இரு வகை உண்டு. இயற்கை ரப்பரால் ஆனது நன்கு இழுபடும். ஆனால் காற்றை மெல்ல மெல்லக் கசியவிடும். 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கப்பெற்ற பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் காற்றைப் பன்மடங்கு நன்றாகக் காக்கும். திங்கட்கிழமை அடித்த காற்று வெள்ளிக்கிழமை வரை நிற்கவேண்டுமாயின் பியூட்டைல் டியூபே தக்கது. டியூபின் பெட்டியில் அது பொருந்தும் டயர்களின் அளவு குறித்திருக்கும். ஒல்லி டியூபைத் தடித்த டயருக்குள் இட்டால், அது ஊதிய பலூன்போல் மெலிந்து சிறு முள்ளுக்கும் தோற்கும். பெரிய டியூபைச் சிறிய டயருக்குள் திணித்தால் மடிப்பு விழும்; மடிந்த இடம் உராய்ந்து கிழியும்.

வால்வை மறந்துவிடலாகாது. நம் ஊர்ச் சாதாரண மிதிவண்டிகளில் இருப்பது டன்லப் வகை வால்வு. அதனுள் சிறு உலோகக் குழலின்மேல் மெல்லிய ரப்பர் உறை ஒன்று மாட்டியிருக்கும். அதுவே 'வால்டியூப்' என்று நாம் வழங்குவது. டியூபில் ஓட்டை ஒன்றும் இல்லாதிருந்தும் காற்று இறங்குமாயின் முதலில் ஐயுறத்தக்கது இச்சிறு ரப்பரே. மலைமிதிவண்டி பலவற்றில் மோட்டார் வண்டியில் உள்ளது போன்ற பருத்த வால்வு இருக்கும். விலையுயர்ந்த வண்டிகளில் மெலிந்து நீண்ட பிரெஞ்சு வகை வால்வைக் காணலாம். மெலிந்த வால்விற்காகத் துளைத்த ரிம்மில் பருத்த வால்வு நுழையாது. பருத்த வால்விற்குரிய பெருந்துளையில் மெலிந்ததை இட்டால் அது ஆடி ஆடித் தன் அடியை அறுத்துக்கொள்ளும். ஆதலின் பழைய டியூபைக் கையில் கொண்டுசென்று காட்டி வாங்குவதே எளிது.

இனி நம் பகுதிக்கே உரிய பகையைக் காண்போம். அது முள். வடமதுரைச் சுற்றுப்புறத்தில் தரிசிலும் ஓடைக்கரையிலும் செறிந்து கிடப்பது சீமைக் கருவேல். வேலிக்காகவும் விறகுக்காகவும் அதனை வெட்டி இழுத்துச் செல்லும்போது பாதையெங்கும் முள் உதிரும். காய்ந்த முள் இரும்பாணிக்கு இளைத்ததன்று. இம்மரம் நம் நாட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்குக் கொணரப்பட்டது. டயர் செய்ய ரப்பரைத் தந்த அக்கண்டமே அதனைத் துளைக்க முள்ளையும் தந்திருக்கின்றது!

ஆனால் கணக்கு நேராகிவிட்டது எனலாம். நம் சிறுநெருஞ்சி அங்குச் சென்று பரவியுள்ளது. நெருஞ்சியின் மஞ்சட்பூ ஞாயிற்றை நோக்கித் திரும்பும் அழகினைப் பண்டைப் புலவர் பாராட்டினர். சித்த மருத்துவர் அதனை நீரடைப்பிற்கு மருந்தாகக் கொள்வர். மிதிவண்டிக்காரனோ அதன் காயை அஞ்சுகின்றான். அக்காய் முற்றியவுடன் ஐந்தாகப் பிளவுபடும். ஒவ்வொரு பிளவிலும் இரண்டு நீண்ட முள்ளும் இரண்டு குறுமுள்ளும் உண்டு. அது எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானை நோக்கி நிற்கும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மலைமிதிவண்டி ஓட்டுவோர் இதனை 'ஆட்டுத்தலை' என்று அழைத்து நடுங்குகின்றனர். கொம்புடைய ஆட்டின் தலையை அது ஒத்திருத்தலே காரணம். கடலுக்கு அப்பாலும் நம் துன்பத்தை அறிந்தவர் இருக்கின்றனர் என்பதில் ஒருவகை ஆறுதல் உண்டு.

முள்ளை வெல்லும் வழிகள் சில. மேற்புறத்து ரப்பருக்கு அடியில் தனிக்காப்புப் பட்டை வைத்த டயர்கள் கிடைக்கின்றன. எடை சிறிது கூடினும் நம் பகுதிக்கு அவை பயனுடையன. டியூபிற்குள் ஊற்றும் அடைப்புப் பால் ஒன்றும் உண்டு. முள் பிடுங்கப்பட்டவுடன் அப்பால் துளையில் உறைந்து அடைக்கும். டியூபே இன்றி இப்பாலை நம்பி ஓடும் மலைமிதிவண்டிகளும் உள. அவற்றிற்கு உரிய ரிம்மும் டயரும் விலைமிக்கவை. மாணவர்க்கு அவை வேண்டா என்பேன்.

பஞ்சர் ஆன டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டதோடு வேலை முடிந்துவிடாது. துளை எப்பக்கத்தில் உள்ளது எனப் பார்த்தல் வேண்டும். தரைப்பக்கத்தில் இருப்பின் முள்ளோ ஆணியோ காரணம். அது இன்னும் டயருக்குள் ஒளிந்திருக்கலாம். துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் தடவினால் முள்முனை துணியைப் பற்றி இழுக்கும். வெறுங்கையால் தடவினால் அது விரலைப் பற்றும். துளை ரிம் பக்கத்தில் இருப்பின் கம்பியின் தலை குத்தியிருக்கும்; ரிம்மின்மேல் சுற்றியுள்ள நாடா விலகியுள்ளதா எனக் காண்க. இரண்டு துளைகள் அருகருகே இருப்பின் காற்றுக் குறைவே காரணம். காற்றுக் குறைந்த சக்கரம் கல்லில் மோதும்போது, டியூப் கல்லுக்கும் ரிம்மின் இரு விளிம்புக்கும் இடையே நசுங்கி இரு துளைபடும். இதனை 'பாம்புக்கடி' என்பர்.

எவ்வளவு காற்று அடைப்பது? அழுத்தத்தைக் கடைக்காரர் ராத்தல் கணக்கில் சொல்வர். முன்னே சொன்ன 45 கிலோ மாணவன் 1.95 அங்குல டயரில் தார்ச்சாலையில் செல்வதற்கு ஏறத்தாழ 40 ராத்தல் போதும். மண்பாதைக்கு 30 முதல் 35 வரை. பின்னால் தம்பியையோ தங்கையையோ ஏற்றிச் செல்பவன் பின்சக்கரத்தில் இன்னும் சிறிது கூட்டுதல் வேண்டும். டயரின் பக்கச்சுவரில் பொறித்த உயர்ந்த அளவை மட்டும் தாண்டலாகாது.

வெயிலில் நிறுத்தினால் டயர் வெடித்துவிடும் என்று அஞ்சிச் சித்திரை மாதத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவோர் உளர். 30 பாகை வெப்பமுள்ள காற்று 60 பாகை சூடேறினால் அதன் முழு அழுத்தம் பத்தில் ஒரு பங்கே கூடும். நல்ல டயருக்கு அது பொருட்டன்று. வெயிலில் வெடிப்பது முன்னரே இற்றுப்போன டயர். வெயில் செய்யும் உண்மையான கேடு மெதுவாக நிகழ்வது: நாள்தோறும் வெயிலில் கிடக்கும் ரப்பர் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து வெடிப்பு விடும். பள்ளியில் வண்டியை மரநிழலில் நிறுத்துவதற்கு இதுவே காரணமாகட்டும்.

டயரை மாற்றும் காலம் வந்ததை அதுவே காட்டும். முண்டுகள் தேய்ந்து மொட்டையாதல், உள்நூல் வெளியே தெரிதல், பக்கச்சுவரில் வெடிப்பு, ஓரிடத்தில் கொப்புளம்போல் புடைத்தல் ஆகியவற்றுள் கடைசி இரண்டும் பொறுக்கத்தக்கவையல்ல. அடி தேய்ந்ததை இன்னும் சில நாள் ஓட்டலாம். புடைத்ததை வீடு வரையிலும் தள்ளிக்கொண்டே செல்க. பின்டயர் முன்டயரைவிட விரைவில் தேயும். புதிய டயர் ஒன்றுதான் வாங்க முடிகிறது எனில், அதனை முன்சக்கரத்தில் இட்டு, முன்னிருந்ததைப் பின்னுக்கு மாற்றுதல் நன்று. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் விழுவதன்றி வேறு வழியில்லை.

மாட்டும்போது டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருப்பின், சக்கரம் சுழலும் திசையை அது நோக்குமாறு வைக்க. டியூபில் அது வட்டமாய் நிமிருமளவு சிறிது காற்றை முதலில் அடைத்து உள்ளே செலுத்தினால் முறுக்கு விழாது. டயரின் ஓரத்தைக் கையாலேயே ரிம்முக்குள் தள்ளுக. திருப்புளியால் நெம்பினால் புதிய டியூபில் புதிய துளை விழும். பாதி காற்று அடைத்தபின் சக்கரத்தை மெல்லச் சுற்றி, டயர் எங்கும் ஒரே மட்டமாய் அமர்ந்துள்ளதா, வால்வு சாயாமல் நேராய் நிற்கின்றதா எனப் பார்த்து, அதன்பின் மீதிக் காற்றை அடைக்க.